சந்தைக்குப் போகும் வண்டிக்குப் பனி விளக்கு தேவையா?

மார்கழி பிறந்துவிட்டால் இந்தப் பகுதியில் பனியைப் பற்றி எழுதுவது வழக்கம். சம்பா நெல்லில் குலைநோய், மாம்பூவில் சாம்பல் நோய் என்று பனிக்கால எச்சரிக்கைகள் வரும். இந்த வாரம் பயிரை விட்டுவிட்டு, விளைந்ததை ஏற்றிச் செல்லும் வண்டியைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். காரணம் உண்டு. பயிற்சி வகுப்புகளுக்கு வரும் விவசாயிகள் இப்போது உரம், மருந்தோடு வண்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். ‘பிக்கப்புக்கு முன்னால் கம்பெனி மாதிரியே பனி விளக்கு போட்டுக்கொள்ளலாமா, அது வேலை செய்யுமா, வீண் செலவா?’ என்பது அடிக்கடி வரும் கேள்வி.

போடலாம் என்பது என் கருத்து. ஆனால் கம்பெனி போடுகிற மாதிரியே போட வேண்டும். அதற்கு முன் வண்டியின் பின்புறத்தைச் சரிசெய்துவிட வேண்டும். இதில் முன்னதைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். பின்னதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கத்து நிலைமையை முதலில் பார்ப்போம். கீரை, பூ, காய்கறி ஏற்றிய ‘குட்டி யானை’யும் பிக்கப்பும் நள்ளிரவுக்குப் பின்தான் புறப்படுகின்றன. கோயம்பேட்டுக்குப் போவதானாலும், மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வழியாக ராயபுரம் பக்கம் இறங்குவதானாலும், விடிவதற்குள் சரக்கு இறங்கியாக வேண்டும். விடிவதற்கு முந்தைய அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் பனி மிகக் கனமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த மண், தண்ணீர் கட்டிய வயல், மேகமில்லாத வானம், காற்று அசையாத இரவு ஆகிய நான்கும் கூடினால் தரை குளிர்ந்து, அதன்மேல் இருக்கும் ஈரக் காற்றும் குளிர்ந்து, மூட்டம் எழும்புகிறது. பள்ளத்திலும் ஏரிக்கரையிலும் ஆற்றுப் பாலத்தருகிலும் அது முதலில் சேரும். ஆகவே ஒரே சாலையில் இரண்டு கிலோமீட்டர் தெளிவாக இருந்து, கொசஸ்தலை ஆற்றை நெருங்கும்போது திடீரென்று ஒன்றும் தெரியாமல் போகலாம்.

எண்ணூர் வட்டாரத்தில் இன்னொன்றும் சேர்கிறது. பனித்துளி வெறும் காற்றில் உருவாவதில்லை. உட்காருவதற்கு ஒரு நுண்துகள் வேண்டும். புகையும் தூசும் மிகுந்த இடத்தில் அப்படிப்பட்ட துகள்கள் ஏராளம். அதே ஈரம், எண்ணிக்கையில் அதிகமான சின்னஞ்சிறு துளிகளாகப் பிரிந்து நிற்கிறது. துளி சிறுத்து எண்ணிக்கை பெருகினால் பார்வை இன்னும் குறையும். அனல் மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, நிலக்கரி இறங்கும் துறைமுகம் எல்லாம் அருகருகே இருக்கும் இடத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தாற்போல வருவது போகி. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. ஓடுபாதை நெடுக விளக்கு, வழிகாட்டும் கருவி, பயிற்சி பெற்ற விமானி என்று எல்லாம் இருந்தும் அந்தக் கதி. அதே இரவில்தான் நம் விவசாயி கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், பரங்கிக்காய், பூ என்று வருஷத்திலேயே அதிகமான பாரத்தை ஏற்றிக்கொண்டு சென்னையை நோக்கிப் புறப்படுகிறார். பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இனி விளக்குக்கு வருவோம். கடையில் ‘ஃபாக் லேம்ப்’ என்று கேட்டால் கிடைப்பது எல்லாம் பனி விளக்கு அல்ல. உண்மையான பனி விளக்கின் சிறப்பு அதன் வெளிச்சத்தின் அளவில் இல்லை. வெளிச்சம் விழும் வடிவத்தில் இருக்கிறது. கைத்தெளிப்பானை நினைத்துக்கொள்ளுங்கள். பூச்சி மருந்துக்குக் கூம்பு நாசில் போடுகிறோம், களைக்கொல்லிக்கு விசிறி நாசில் போடுகிறோம். தொட்டியில் மருந்து நிறைய இருக்கிறது என்பதற்காகக் களைக்கொல்லியைக் கூம்பு நாசிலில் அடித்தால் பக்கத்துப் பயிரும் போகும். முகப்பு விளக்கின் ஒளி தூரம் போவதற்காக அமைந்தது. பனி விளக்கின் ஒளி விசிறி நாசில் போல அகலமாக, தட்டையாக, மேல்விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல விழும். விளக்கின் மட்டத்துக்கு மேலே வெளிச்சம் போகக் கூடாது. மேலே போகிற ஒளி பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வந்து, எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும். பனி மூட்டத்தில் ‘ஹை பீம்’ போட்டவர்கள் எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்திருப்பார்கள்.

விளக்கைத் தாழ வைப்பதற்கும் இதுவே காரணம். தரையருகே பனி மெலிந்திருக்கும், அதனால் கீழே வைக்கிறார்கள் என்று சிலர் சொல்லுவார்கள். அது சரியல்ல. வயல்வெளிப் பனி தரையருகில்தான் கனமாக இருக்கும். விளக்குக்கும் கண்ணுக்கும் இடைவெளி கூடக்கூடத் திரும்பி வரும் ஒளி கண்ணில் படுவது குறையும் என்பதுதான் விஷயம். மார்கழி இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கமாட்டார். முழங்காலுக்குக் கீழே இறக்கிப் பிடிப்பார். அப்போதுதான் வரப்பு தெரியும். ஐரோப்பிய விதிகளில் கார், சிறு சரக்கு வண்டிகளுக்கான முன்பனி விளக்குத் தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 80 சென்டிமீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நம் வரப்பு அனுபவமும் அந்த விதியும் ஒத்துப்போகின்றன.

அப்படியிருக்க, கேபின் கூரைமேல் வரிசையாக வெள்ளை எல்.இ.டி. பட்டை வைத்து அதைப் பனி விளக்கு என்பது எந்தக் கணக்கில் சேரும்? பனியில் அதனால் துளிப் பயனும் இல்லை. தெளிந்த இரவில் எதிரே டி.வி.எஸ். 50-இல் பால் கேன் கட்டிக்கொண்டு வருகிறவரின் கண்ணைப் பறித்து அவரை மண் ஓரத்துக்குத் தள்ளும். அவரும் நம்மைப் போல ஒரு விவசாயிதான். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்தக் கூடாது என்று 111-ஆம் விதி சொல்கிறது. எதிரே வருபவர் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. அபராதம் கட்டும்போதுதான் இவை நினைவுக்கு வருகின்றன.

மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பிரான்ஸ் நாட்டில் 1930-களின் இறுதியிலிருந்து 1993 வரை முகப்பு விளக்குகள் மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. ஆனால் பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அது எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். புகைத்துகள் அதைவிட நுண்ணியது. புகையில் நீல ஒளி கூடுதலாகச் சிதறும் என்பதால் மஞ்சளுக்குச் சிறிது ஆதாயம் உண்டு, கண்ணுக்கும் உறுத்தல் குறைவு. ஆகவே மஞ்சள் கிடைத்தால் வாங்குங்கள். வெள்ளை என்றாலும் வருத்தப்பட வேண்டாம். வடிவம்தான் முக்கியம். ஹாலஜன் பல்புக்கென்று செய்த விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகுவது மட்டும் கூடாது. ஒளி பிறக்கும் இடம் மாறிவிடுவதால் அந்த வெட்டுக்கோடு கலைந்து ஒளி மேலேயும் சிதறும்.

கம்பெனி மாதிரி என்று நான் சொல்வது அழகுக்காக அல்ல. விலை குறைந்த மாடல் பிக்கப் பலவற்றில் பம்பரின் இரு ஓரங்களிலும் வட்டமான பிளாஸ்டிக் மூடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விலை கூடிய மாடலில் விளக்கு இருக்கும் இடம் அது. அதே கம்பெனியின் விளக்கு, பிடிப்பான், ஒயரிங், சுவிட்ச் எல்லாம் தனி உதிரிப் பாகமாகக் கிடைக்கும்போது அதையே வாங்கிப் பொருத்துவது நல்லது. உயரம், கோணம், ஒயர் போகும் வழி எல்லாம் முன்பே யோசித்து வைக்கப்பட்டவை. வேறு விளக்கு வைப்பதற்காக இருக்கும் ஒயரை வெட்டினால் வாரன்டி போகும். பின்னால் ஒயர் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் முதலில் பார்ப்பார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அதைக் கண்டிப்பாகவே பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒயரிங்கில் நடக்கும் தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முகப்பு விளக்கின் ஒயரிலிருந்தே இணைப்பு இழுத்துப் பனி விளக்கை எரிய வைப்பது சாலையோர எலக்ட்ரீஷியன்களின் குறுக்கு வழி. 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு ஒன்று சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். இரண்டு பல்புக்கு ஒன்பதுக்கு மேல். ஏற்கெனவே தன் அளவுக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒயரின் தலையில் இதையும் சுமத்தினால் அது சூடேறி உருகும். சுவிட்ச் கருகும். பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டார்ட்டர் தெரியும். பொத்தானில் போவது கொஞ்சம் மின்சாரம். அது காயிலை இழுத்து, மோட்டாருக்குப் போகும் பெரிய மின்சாரத்தை வேறு வழியில் இணைத்துவிடுகிறது. ரிலே என்பது வண்டியின் ஸ்டார்ட்டர். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர், பேட்டரிக்கு ஒட்டினாற்போல 15 ஆம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்று எண் போட்ட முனை. 87 என்ற முனையிலிருந்து விளக்குகளுக்கு. 86-க்கு டாஷ்போர்டு சுவிட்ச், 85-க்கு எர்த். விளக்குக்குப் போகும் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சுவிட்சுக்கு மின்சாரத்தைப் பார்க்கிங் விளக்கின் வழியே எடுத்தால், அந்த விளக்கை அணைக்கும்போது பனி விளக்கும் அணைந்துவிடும், பேட்டரியும் இறங்காது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். கோபித்துக்கொள்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

பொருத்தியபின் கோணம் பார்ப்பது முக்கியம். பாரம் ஏற்றினால் பிக்கப்பின் பின்புறப் பட்டை அழுந்தி, மூக்கு மேலே தூக்கும். விளக்கும் மேலே பார்க்கும். காலி வண்டியில் கோணம் பார்த்துவிட்டு வந்தால் பாரத்தில் எல்லாம் கெட்டுவிடும். வழக்கமாக ஏற்றும் அளவு மூட்டையை ஏற்றி, டயர் காற்றைச் சரிபார்த்து, சமமான களத்தில் ஒரு சுவருக்கு நேரே 25 அடி தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதைவிட 6 அங்குலம் தாழ்வாகக் கரித்துண்டால் ஒரு கோடு போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும்.

அந்த 6 அங்குலத்துக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 25 அடிக்கு, அதாவது ஏழரை மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இறங்கும் ஒளி, 60 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள விளக்கிலிருந்து புறப்பட்டு 30 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். பனி விளக்கின் ஆட்சி அந்த 30 மீட்டர்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் எதிரே ஒன்றைக் கண்டு, காலைப் பிரேக்கில் வைப்பதற்குள்ளேயே ஒன்றரை வினாடியில் 25 மீட்டர் ஓடிவிடும். பிரேக் நன்றாக இருந்தாலும் நிற்க இன்னும் 23 மீட்டர் வேண்டும். மொத்தம் 48. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு ஏறக்குறைய 27 மீட்டர், முப்பதில் 18. இவை உலர்ந்த சாலைக்கான எண்கள். பனியில் நனைந்த தார்ச்சாலை, தேய்ந்த டயர், ஒன்றரை டன் பாரம் என்றால் கூடும். பனி விளக்கு போட்டுக்கொண்டு அறுபதில் போகிறவர், வெளிச்சத்தைத் தாண்டி 18 மீட்டர் இருட்டுக்குள் போய்த்தான் நிற்பார். நாற்பதே அதிகம், பாரத்தோடு முப்பது போதும் என்பது என் கணக்கு. விளக்கு போட்ட தெம்பில் வேகம் கூட்டுகிறவர்கள் அதைப் போடாமலே இருக்கலாம். சாலையின் வெள்ளைக் கோட்டையும் ஓரத்தையும் பார்த்து மெதுவாக ஊர்ந்து போவதற்குத்தான் அது பயன்படும்.

இப்போது பின்புறம். எண்ணூர் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. நிலக்கரி இறங்கும் இடமாகத் தொடங்கி, பிறகு கார் ஏற்றுமதியும் வந்தது. 2010 முதல் ஒரகடத்தில் செய்த நிசான் மைக்ரா கார்கள் இங்கிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. ஐரோப்பிய விதிப்படி அங்கே ஓடும் காருக்குப் பின்புறப் பனி விளக்கு கட்டாயம். முன்புறப் பனி விளக்கு அவரவர் விருப்பம். பனியில் ஓட்டிப் பழகிய நாட்டுக்காரர்கள் யோசித்து, இரண்டில் பின்விளக்கைத்தான் சட்டத்தில் வைத்தார்கள். நமக்கு முன்னால் இருப்பதை வேகத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். பின்னால் வருகிறவனின் வேகம் நம் கையில் இல்லை. அவன் 40 டன் கண்டெய்னர் டிரெய்லராக இருந்தால் என்ன ஆகும்? மணலி, எண்ணூர்ச் சாலைகளில் நம் பிக்கப்புக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் அதுதான்.

நம் சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் பின்புறப் பனி விளக்கு கிடையாது. 21 வாட் சிவப்பு விளக்கு ஒன்று போதும். இடதுபுறம் போகும் நம் நாட்டில் அது வண்டியின் வலப்பக்கம் இருக்க வேண்டும், பிரேக் விளக்கிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி, தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள். தனிச் சுவிட்ச் வேண்டும். பனி விலகியதும் அணைத்துவிட வேண்டும். பிரேக் விளக்கின் அளவுக்கு அது பிரகாசமானது. தெளிந்த இரவில் எரியவிட்டால் நாம் பிரேக் போடுவது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

அதற்கும் முன்னால் காசே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. இருக்கிற சிவப்பு விளக்கை மறைக்காமல் பாரம் ஏற்றுவது. கரும்புத் தோகையும் வாழை இலையும் வைக்கோலும் பின்கதவுக்கு மேலே தொங்கி விளக்கை மூடிவிடுகின்றன. பொங்கலுக்கு முந்தைய இரவுகளில் சாலையில் நின்று பார்த்தால், பத்து வண்டியில் எத்தனைக்குப் பின்விளக்கு தெரிகிறது என்று நீங்களே எண்ணலாம். ஒளி திருப்பும் பட்டைகளும் அப்படித்தான். முன்னே வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்னே சிவப்பு என்று சட்டப்படி ஒட்டியிருக்கிறோம், அதன்மேல் சேறும் சாம்பலும் படிந்து கிடக்கிறது. டிராக்டர் டிரெய்லரின் நிலை இன்னும் மோசம். பின்விளக்கே இல்லாத டிரெய்லர் ஆயிரம் ரூபாய் லாபத்துக்காகப் பனியில் மெயின் ரோட்டுக்கு வர வேண்டாம், விடிந்தபின் வரட்டும்.

மூட்டம் மிகுந்து 20 மீட்டர்கூடத் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவதே சரி. எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் கேள்வி. சாலை ஓரத்தில் விளக்கை எரியவிட்டு நின்றால், பின்னால் வருபவர் நம் சிவப்பு விளக்கை ஓடும் வண்டி என்று நினைத்து அதையே பின்தொடர்ந்து வந்து மோதுவார். பெட்ரோல் பங்க், டீக்கடைத் திடல் என்று சாலையை விட்டு முழுவதும் விலகிய இடமாகப் பார்க்க வேண்டும். மீஞ்சூரையும் வண்டலூரையும் இணைக்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையிலும் துறைமுகச் சாலைகளிலும் விளக்கில்லாமல் ஓரத்தில் நிறுத்தப்படும் டிரெய்லர்களைப் பற்றி விவசாயி மட்டும் ஜாக்கிரதையாக இருந்து பயனில்லை. அவை நிற்பதற்குப் போதிய இடத்தைச் சாலைக்கு வெளியே ஒதுக்குவது துறைமுகங்களின் பொறுப்பு. பனிக்காலத்திலாவது ஓரத்தில் நிற்பவற்றை அப்புறப்படுத்துவது போலீசின் பொறுப்பு.

வண்டிக் கம்பெனிகளிடமும் கேட்க வேண்டியது உண்டு. பனி விளக்கைப் பாட்டுப் பெட்டியோடும் பளபளப்புப் பட்டையோடும் சேர்த்து விலை கூடிய மாடலில் மட்டும் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. நடுநிசியில் சாலையில் இருப்பது விலை குறைந்த மாடலை வாங்கிய விவசாயியின் வண்டிதான். அந்த பிளாஸ்டிக் மூடிக்குப் பதில் விளக்கும், பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் எல்லா மாடலிலும் வரட்டும். அதுவரை, வண்டிக் கடன் கொடுக்கும் வங்கிகள் இவற்றின் செலவையும் கடனில் சேர்த்துக்கொள்ளலாம். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் பத்து வண்டிக்குச் சேர்த்து வாங்கினால் விலையும் பேசலாம், நல்ல எலக்ட்ரீஷியனையும் ஊருக்கே வரவழைக்கலாம். கார்த்திகையில் செய்துவிட்டால் மார்கழிக்குத் தயார்.

எண்ணூர், அத்திப்பட்டு, மணலி வழியாகப் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு குறிப்பு. தாழ்வாக வைத்த விளக்கில் சாம்பலும் நிலக்கரித் தூளும் சீக்கிரம் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழுந்து ஒளி சிதறும். புறப்படும்முன் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். பின்விளக்கையும் சிவப்புப் பட்டையையும் அதே தண்ணீரில் கழுவிவிடுங்கள்.